பாவையைக் கண்டவர் யார்?

சங்கப் பாடல்களில் வரும் இடங்களை மாணவர்களுக்கு நேரில் காட்டும் வழக்கம் எங்கள் துறையில் உண்டு. அப்படி ஒருமுறை முதுகலை மாணவர்களுடன் கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே சேர்வதற்குள் பாதிப் பேருக்குத் தலை சுற்றிவிட்டது. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையருகே நின்று, ஓரியைக் காரி கொன்றதையும், கொல்லிமலை சேரனின் கைக்குச் சென்றதையும் சொல்லி முடித்தேன். ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, எல்லாம் சரி. அந்தப் பாவை எங்கே?”

கொல்லிப்பாவையைத்தான் கேட்டாள். தலைவியின் அழகுக்கு உவமையாகச் சங்கப் புலவர்கள் மீண்டும் மீண்டும் சொல்லும் பாவை அது. தெய்வம் செய்தது என்பர் சிலர், பூதம் செய்தது என்பர் சிலர். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் உருவம் குலையாது என்று நற்றிணையில் பரணர் பாடுகிறார். காண்போரை மயக்கிச் சிரித்தே உயிர் கவரும் என்பது பின்னாளில் சேர்ந்த கதை. மாணவர்களை எட்டுக்கை அம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். அந்த அம்மனே கொல்லிப்பாவை என்று மலை மக்கள் நம்புகிறார்கள். அவள் கும்பிட்டுவிட்டு வந்து, “இது அம்மன் ஐயா. நான் கேட்டது பாட்டில் இருக்கிற பாவையை” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

துணைக்கு வந்திருந்த வேதியியல் துறை நண்பர் சிரித்தார். “உங்களுக்காவது கும்பிட ஒரு கோயில் இருக்கிறது. நான் வருடா வருடம் கரும்பலகையில் இரண்டு பலூன்களை முடிச்சுப் போட்டதுபோல ஒரு படம் வரைகிறேன். ‘பி ஆர்பிட்டால்’ என்கிறேன். இரண்டு ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் ஒட்டினால் ‘பை பிணைப்பு’ என்கிறேன். ‘இதை யார் சார் பார்த்தது?’ என்று ஒரு பையன் கேட்டான். பரீட்சைக்கு இந்தப் படம் வரும், வரைந்து பழகு என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.”

சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது. அன்று மாலை சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் தொடங்கிய பேச்சு, அடுத்த சில மாதங்கள் எங்களுக்குள் நீண்டது. அந்தப் பேச்சின் பயனே இக்கட்டுரை. நான் தமிழ் படித்தவன்; அறிவியலைச் சொல்லிக் கொடுத்தவர் நண்பர். பிழை இருந்தால் அது என்னுடையது.

*

மிளகிலிருந்தே தொடங்கலாம். கொல்லிமலையில் காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தரும் மரங்களின் மீது மிளகுக்கொடி படர்ந்திருக்கும். மிளகின் காரத்துக்குக் காரணமான பொருளை முதலில் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் எர்ஸ்டெட். ஆண்டு 1819. அப்பொருளுக்குப் பைப்பரின் என்று பெயர். மறு ஆண்டே, 1820-இல், அதே எர்ஸ்டெட் மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசியை வைத்து, ஊசி திரும்புவதைக் கண்டார். மின்னோட்டம் காந்தத்தை உண்டாக்கும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். மிளகையும் காந்த ஊசியையும் ஒரே மனிதர் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆராய்ந்தது தற்செயல். ஆனால் அந்த இரண்டும் நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தமிழரின் ஆய்வுமேசையில் மீண்டும் சந்தித்துக்கொண்டன.

எப்படி என்பதைச் சொல்ல, பைப்பரின் மூலக்கூறுக்குள் இருக்கும் ஓர் உறுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையம் அது. அந்த வளையம் தனியே, ஆறு ஹைட்ரஜன் அணுக்களுடன் இருந்தால் அதற்குப் பென்சீன் என்று பெயர். பென்சீனை 1825-இல் பிரித்தெடுத்தவர் மைக்கேல் ஃபாரடே. இருபது ஆண்டுகள் கழித்து, 1845-இல், அதே ஃபாரடே இன்னொன்றையும் கண்டார். காந்தத்தால் இழுக்கப்படும் இரும்பைப் போலன்றி, காந்தத்தை விட்டு மெல்ல விலகும் பொருள்கள் உண்டு. பிஸ்மத் அப்படிப்பட்டது, கண்ணாடி அப்படிப்பட்டது; தேடிப் பார்த்தால் உலகின் பெரும்பாலான பொருள்கள் அப்படிப்பட்டவையே. இதை டயா காந்தத் தன்மை என்கிறார்கள். விலக்கம் மிக மெல்லியது, அன்றாட வாழ்வில் நம் கண்ணில் படாது. பென்சீனைக் கண்டவரும் டயா காந்தத்தைக் கண்டவரும் ஒருவரே. எனினும் ஒன்று மற்றொன்றின் இரகசியத்தைச் சொல்லும் என்று ஃபாரடே அறிந்திருக்க வழியில்லை.

பென்சீன் வேதியியலாருக்கு ஒரு தலைவலியாக இருந்தது. கார்பனுக்கு நான்கு கைகள். பென்சீனில் ஒவ்வொரு கார்பனும் ஒரு கையால் ஹைட்ரஜனையும் இரண்டு கைகளால் அண்டைக் கார்பன்களையும் பற்றியபின் ஒரு கை மிஞ்சுகிறது. அந்த ஆறு கைகள் என்ன செய்கின்றன? 1865-இல் கெக்குலே வளைய வடிவத்தைச் சொன்னார். மிஞ்சிய கைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, வளையத்தில் ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு இருக்கும் என்பது அவர் கருத்து. தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவில் கண்டதாக அவர் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அதை அவர் வெளியே சொன்னது 1890-இல், தம் கண்டுபிடிப்பின் வெள்ளிவிழாவில்தான். ஆனால் கனவு பாதியைத்தான் காட்டியது. இரட்டைப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்பை விடக் குறுகியது. கெக்குலேயின் படம் உண்மையானால் வளையத்தின் பக்கங்கள் ஒன்று நீளம், ஒன்று குட்டை என மாறிமாறி இருக்க வேண்டும்.

1929-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் லான்ஸ்டேல் என்ற இளம்பெண் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதற்கு விடை கண்டார். பென்சீன் அறை வெப்பத்தில் திரவம். ஆதலால் அவர் அதன் உறவுப் பொருளான ஹெக்சாமெத்தில் பென்சீனின் படிகத்தை எடுத்துக்கொண்டார். வளையம் தட்டையானது, ஆறு பக்கங்களும் சமம் என்று அளந்து காட்டினார். அப்படியானால் மிஞ்சிய ஆறு கைகள், அதாவது ஆறு எலக்ட்ரான்கள், எந்த இரண்டு அணுக்களுக்கும் தனியுரிமை இல்லாமல் எங்கோ இருக்கின்றன.

எங்கே என்பதற்குக் கோட்பாட்டளவில் பதில் சொன்னவர் ஜெர்மனியின் எரிக் ஹுக்கல். ஆண்டு 1931. குவாண்டம் கொள்கைப்படி எலக்ட்ரானுக்கு, கிரகத்துக்கு இருப்பது போன்ற பாதை கிடையாது. இந்த இடத்தில் இருப்பதற்கு இவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் ஒரு பரவல்தான் உண்டு. அந்தப் பரவலைத் தரும் கணிதச் சார்புக்கு ‘ஆர்பிட்டால்’ என்று 1932-இல் அமெரிக்கரான மல்லிக்கன் பெயர் சூட்டினார். ‘ஆர்பிட்’ என்ற பாதைச் சொல்லிலிருந்து பிறந்தாலும் பாதை அல்ல என்பதை உணர்த்தும் சொல் அது. ஹுக்கலின் கணக்கின்படி, பென்சீனின் அந்த ஆறு எலக்ட்ரான்கள் வளையத் தளத்துக்கு மேலும் கீழும் இரண்டு வடைகளைப் போலப் பரவி, ஆறு அணுக்களுக்கும் பொதுவாக இருக்கின்றன. அணுவின் ஆர்பிட்டால்கள் கலந்து மூலக்கூறு முழுவதற்குமான ஆர்பிட்டால்கள் ஆகிவிடுகின்றன. தனித்தனி வீட்டுக் கிணறுகள் போய், தெருவுக்கெல்லாம் ஒரு குளம் வந்ததுபோல.

அழகான கருத்துதான். ஆனால் அன்று அது தாளில் எழுதிய கணக்கு. எதிரே லைனஸ் பாலிங் முதலானோர், பல பிணைப்பு வடிவங்களின் கலவையாகவே பென்சீனைக் கண்டனர். எலக்ட்ரான்கள் உண்மையிலேயே வளையம் முழுதும் உலவுகின்றனவா என்று பரிசோதனையில் காட்ட வேண்டியிருந்தது. யாராலும் பார்க்க முடியாத ஒன்றின் பரப்பை எப்படி அளப்பது?

*

இந்த இடத்தில்தான் வத்திராயிருப்புக்காரர் வருகிறார்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செயல்முறை ஆசிரியராகச் சிலகாலம் இருந்தார். 1920-இல் கல்கத்தா சென்று, 1923-இல் சி.வி.ராமனுடன் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது, ‘நேச்சர்’ இதழுக்கு ராமனோடு சேர்ந்து அறிவிப்பு எழுதியவர் கிருஷ்ணன். 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

கிருஷ்ணனைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறோம். பரிசில் பங்கு இருந்திருக்க வேண்டுமா, கூடாதா என்ற வழக்கை எடுத்து, ஒரு பெருமூச்சோடு முடித்துவிடுகிறோம். அந்தப் பெருமூச்சு அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஒரு மறைப்பு. ஏனெனில் கிருஷ்ணனின் சொந்தப் பெருஞ்செயல், 1928 இறுதியில் அவர் கல்கத்தாவை விட்டு டாக்கா பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ரீடராகச் சென்றபின் தொடங்குகிறது. அங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் சத்யேந்திரநாத் போஸ்.

டாக்காவில் கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட பொருள் படிகங்களின் காந்தப் பண்பு. 1927-இலேயே ராமனும் அவரும் இதில் கைவைத்திருந்தனர். இப்போது அதை அவர் தம் வாழ்வுப்பணியாக்கிக்கொண்டார். அவர் எடுத்த படிகங்களுள் நாப்தலீனும் ஆந்த்ரசீனும் முக்கியமானவை. நாப்தலீன் வேறொன்றுமில்லை, துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டைதான். பென்சீன் வளையங்கள் இரண்டு ஒட்டிக்கொண்டால் நாப்தலீன், மூன்று ஒட்டினால் ஆந்த்ரசீன்.

கருத்து எளியது. ஒரு செப்பு வளையலைக் காந்தப்புலத்துக்குள் கொண்டு போனால், வளையலில் ஒரு மின்னோட்டம் எழும். அந்த ஓட்டம் உண்டாக்கும் காந்தம், வெளியிலிருந்து வரும் காந்தத்தை எதிர்க்கும். காந்தப்புலம் வளையலின் துளை வழியே புகுந்து சென்றால் எதிர்ப்பு மிகுதி. வளையலின் தளத்தோடு ஒட்டிச் சென்றால் எதிர்ப்பு இல்லை. மூலக்கூறுக்குள் எலக்ட்ரான்கள் தத்தம் அணுவிலேயே கட்டுண்டு கிடந்தால், எந்தத் திசையில் காந்தம் வந்தாலும் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வளையம் முழுதும் உலவினால், மூலக்கூறே ஒரு குட்டி வளையல் ஆகிவிடும். தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தம் வரும்போது மட்டும் எதிர்ப்பு திடுமென மிகும். ஆகவே திசைக்குத் திசை எதிர்ப்பு எவ்வளவு மாறுகிறது என்று அளந்தால், எலக்ட்ரான் எவ்வளவு தூரம் உலவுகிறது என்று சொல்லிவிடலாம்.

அளப்பதுதான் கடினம். கிருஷ்ணன் செய்தது இது. மெல்லிய இழை ஒன்றில் சிறு படிகத்தைக் கட்டி, மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். காந்தத்தைச் செலுத்தியதும் படிகம் மெல்லத் திரும்பி, தனக்கு எதிர்ப்புக் குறைந்த திசை காந்தப்புலத்தோடு ஒட்டி நிற்குமாறு அமையும். லேசாகத் தட்டிவிட்டால் ஊஞ்சல்போல இருபுறமும் ஆடும். காந்தம் இல்லாதபோது ஆடும் காலத்தையும், இருக்கும்போது ஆடும் காலத்தையும் எண்ணினால் இரண்டு திசைகளுக்கும் உள்ள வேறுபாடு கிடைத்துவிடும். வேறுபாடு போதாது, உண்மை மதிப்பும் வேண்டும் என்றபோது இன்னொரு வழி கண்டார். படிகத்தை ஒரு திரவத்தில் மூழ்கவிட்டு, திரவத்தின் செறிவைச் சிறிதுசிறிதாக மாற்றிக்கொண்டே வருவது. சீரற்ற காந்தப்புலத்தைச் செலுத்தியும் படிகம் இப்பக்கமோ அப்பக்கமோ நகராமல் நின்றால், படிகத்தின் காந்தப் பண்பும் திரவத்தின் காந்தப் பண்பும் சமம். திரவத்தை அளப்பது எளிது.

1935-இல் எஸ்.பானர்ஜியோடு சேர்ந்து அவர் அமைத்த முறை அதனினும் நயமானது. இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே போவார். காந்தம் பிடித்துவைத்திருப்பதால் படிகம் சிறிதே திரும்பும். ஒரு கட்டத்தில், படிகம் தன் நிலையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகியதும், பிடி விட்டுப்போய்ச் சட்டென்று சுழன்றுவிடும். எத்தனை பாகை முறுக்கியபோது அது நடந்தது என்று குறித்துக்கொண்டால் போதும். ஒரு கோணத்தைப் படித்து ஓர் எலக்ட்ரானின் உலாவைக் கணக்கிடுகிறார்! மாட்டுவண்டிக் கடையாணியைக் கண்ணால் பார்த்தே தேய்மானம் சொல்லும் தச்சரின் கைத்திறமும், கணித நுட்பமும் ஒன்றாகக் கூடிய வேலை இது.

பி.சி.குகா, எஸ்.பானர்ஜி ஆகியோருடன் அவர் எழுதிய முதற்பெரும் கட்டுரை 1933-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ்’ இதழில் வந்தது. அவ்வாண்டே கல்கத்தா திரும்பி, முன்பு ராமனுடன் பணிபுரிந்த அதே கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் ஆனார். இவ்வகை அளவீடுகள் கூடிக்கூடி வந்தபோது தெளிவான சித்திரம் ஒன்று கிடைத்தது. பென்சீனில், தளத்துக்குச் செங்குத்தான திசையில் காந்த எதிர்ப்பு, தளத்தின் திசையில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. திசைகளுக்கிடையேயான அந்த வேறுபாடு நாப்தலீனில் பென்சீனைப் போல ஏறத்தாழ இருமடங்கு, ஆந்த்ரசீனில் ஏறத்தாழ மும்மடங்கு. வளையம் கூடக்கூட எதிர்ப்பும் கூடுகிறது. இரட்டைப் பிணைப்பே இல்லாத வளையங்களில் இந்தப் பெரும் வேறுபாடு இல்லை. பென்சீன் வளையங்களே முடிவில்லாமல் ஒட்டிப் பரவிய தளம் போன்றது கிராஃபைட், நம் பென்சில் முனையில் இருப்பது. என்.கங்குலியுடன் கிருஷ்ணன் அதையும் அளந்தார். அங்கே செங்குத்துத் திசையின் எதிர்ப்பு, தளத் திசையைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு.

*

‘மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் கண்டதுபோல’ என்னும் அனுமானத்தை மணிமேகலையின் ‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’யில் அறவண அடிகள் விரித்துரைக்கிறார். அளவைகளில் காட்சியையும் கருத்தையும் மட்டும் ஏற்று, ஏனையவற்றை இவ்விரண்டினுள் அடக்குவது அவர் சொல்லும் பௌத்த நெறி. புகை காட்சி, நெருப்பு கருத்து. எங்கும் புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்ற தொடர்பு உறுதியாக இருந்தால்தான் அனுமானம் நிற்கும். தொடர்பு தளர்ந்தால் அது போலி.

கிருஷ்ணன் கண்டது புகையைத்தான்: இழையில் தொங்கும் படிகம் ஒன்று திரும்புகிறது, அவ்வளவே. அவர் சொன்னது நெருப்பை: வளையம் முழுதும் உலவும் எலக்ட்ரான். இடையில் எத்தனை கண்ணிகள் என்று எண்ணிப் பார்க்கிறேன். படிகத்துக்குள் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே திசையில் கிடப்பதில்லை. ஒன்றுக்கொன்று சாய்ந்து கிடக்கின்றன. படிகம் முழுவதற்குமான அளவிலிருந்து ஒரு மூலக்கூறின் அளவைப் பிரித்தெடுக்க, சாய்வு தெரிய வேண்டும். சாய்வை எக்ஸ் கதிர் சொல்ல வேண்டும். நாப்தலீன், ஆந்த்ரசீன் படிகங்களின் அமைப்பை 1930-லேயே கல்கத்தாவில் கேதாரேஸ்வர் பானர்ஜி எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்து எழுதியிருந்தார். 1933-இல் ஜே.எம்.ராபர்ட்சன் ஆந்த்ரசீனின் எலக்ட்ரான் அடர்த்தியை மலை வரைபடத்தின் சமஉயரக் கோடுகளைப் போலவே வரைந்து காட்டினார். காந்த அளவும் எக்ஸ் கதிர் அளவும் ஒன்றையொன்று சரிபார்த்தன. எக்ஸ் கதிரால் எளிதில் தீர்க்க முடியாத படிகங்களில், காந்த அளவே மூலக்கூறு எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வழிகாட்டியது. இரண்டு சாட்சிகள் தனித்தனியே வந்து ஒரே செய்தியைச் சொன்னால் வழக்கு உறுதிப்படும் அல்லவா?

அந்த இரண்டு சாட்சிகளும் 1936-இல் ஒரே கட்டுரையில் கூடின. படிகத்தின் காந்த அளவிலிருந்து மூலக்கூறின் அளவைப் பெறும் பொதுவழியை வகுத்து ராயல் சொசைட்டியின் இதழில் வந்த அக்கட்டுரையை எழுதியவர்கள் கேத்லீன் லான்ஸ்டேலும் கே.எஸ்.கிருஷ்ணனும். பென்சீன் வளையம் தட்டை என்று காட்டிய அதே லான்ஸ்டேல்தான். அவரும் இலண்டனில் ஒரு பெரிய மின்காந்தத்தை வைத்துக்கொண்டு இதே ஆய்வில் இறங்கியிருந்தார். அதே ஆண்டில் பாலிங், எலக்ட்ரான்கள் வளையத்தில் தடையின்றிச் சுழல்வதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டபோது, விடை அளந்த மதிப்பை நெருங்கி வந்தது. 1937-இல் ஃபிரிட்ஸ் லண்டன் மூலக்கூறு ஆர்பிட்டால் முறையிலேயே அதை முறைப்படி நிறுவினார். அவ்வாண்டு லான்ஸ்டேல் எழுதிய கட்டுரையின் முடிவை என் நண்பர் இப்படிச் சுருக்கிச் சொன்னார்: சாதாரணப் பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களின் உலா அணு அளவினது, பை எலக்ட்ரான்களின் உலா மூலக்கூறு அளவினது. ஹுக்கல் தாளில் வரைந்த பாவைக்கு இப்படித்தான் முதலில் உயிர் வந்தது.

லான்ஸ்டேலைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக மனமில்லை. போரை ஏற்காத குவேக்கர் நெறியினரான அவர், இரண்டாம் உலகப்போரில் குடிமைப் பாதுகாப்புப் பணிக்குப் பதிவு செய்ய மறுத்து, 1943-இல் ஒரு மாதம் ஹாலோவே சிறையில் இருந்தார். 1945-இல் ராயல் சொசைட்டி முதன்முதலில் பெண்களை உறுப்பினராக்கியபோது தேர்வான இருவரில் ஒருவர் அவர். கிருஷ்ணன் 1940-லேயே உறுப்பினர் ஆகியிருந்தார். கிருஷ்ணன் 1961-இல் மறைந்தபின், அச்சங்கத்துக்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதியவர்கள் லான்ஸ்டேலும் ஹோமி பாபாவும்.

*

அப்படியானால் பாவையை யாரும் கண்ணால் கண்டதே இல்லையா?

1999-இல் தாமிர ஆக்சைடு படிகத்தை ஆராய்ந்த அமெரிக்கக் குழு ஒன்று, ஆர்பிட்டாலின் வடிவத்தை நேரில் கண்டதாக ‘நேச்சர்’ இதழில் அறிவித்தது. படமும் பாடநூல் படத்தைப் போலவே இருந்தது. உடனே மறுப்பு எழுந்தது. வேதியியல் தத்துவத்தில் எழுதிவரும் எரிக் ஸ்கெர்ரி, கண்டது எலக்ட்ரான் அடர்த்தியையே என்றார். ஆர்பிட்டால் ஒரு கணிதக் கருவி, அதைக் காண்பது கொள்கையளவிலேயே இயலாது என்பது அவர் வாதம். 2005-இல் சூரிச் நகரத்து ஐ.பி.எம். ஆய்வகத்தினர், செம்பின்மேல் மிக மெல்லிய உப்புப் படலம் பரப்பி, அதன்மேல் பென்டசீன் மூலக்கூறை வைத்து, ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியால் தடவிப் பார்த்தனர். உப்பு என்றால் நாம் சமையலுக்குப் போடும் அதே உப்பு. பென்டசீன் என்பது ஐந்து வளையங்கள் ஒரே வரிசையில் ஒட்டியது. கிருஷ்ணனின் நாப்தலீன், ஆந்த்ரசீன் வரிசையில் அடுத்தடுத்து வருவது. படத்தில் வந்த மேடு பள்ளங்கள், கணக்கிட்டுப் பெற்ற மூலக்கூறு ஆர்பிட்டாலின் வடிவத்தோடு ஒத்துப்போயின. 2009-இல் அதே ஆய்வகத்தினர் நுண்ணோக்கி ஊசியின் முனையில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்து, பென்டசீனின் ஐந்து அறுகோணங்களையும் தேன்கூட்டின் அறைகள்போல வரைந்து காட்டினர்.

நண்பர் அந்தப் படத்தைக் காட்டியபோது எனக்குச் சிலிர்த்தது. ஆனால் அவரே ஓர் எச்சரிக்கையும் சொன்னார். அது ஒளிப்படம் அன்று. ஊசி உணர்ந்த விசையை எண்ணாக்கி, எண்ணை நிறமாக்கி வரைந்தது. குருடர் விரலால் தடவி முகம் அறிவதைப் போன்றது. படிகம் திரும்பிய கோணத்தை எண்ணாக்கிய கிருஷ்ணனுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு, கண்ணிகளின் எண்ணிக்கையில்தான். அறவண அடிகளின் மொழியில் சொன்னால், இதுவும் கருத்தளவையே. புகைக்கும் நெருப்புக்கும் இடையிலான தொலைவு குறைந்திருக்கிறது.

எனவே அந்த மாணவனுக்குச் சொல்ல வேண்டிய பதில், ‘பரீட்சைக்கு வரும், வரைந்து பழகு’ என்பதாக இருக்கக் கூடாது. ‘யாரும் பார்க்கவில்லை, நம்பு’ என்பதும் கூடாது. ‘இப்படி ஒன்று இருந்தால் பாச்சை உருண்டையின் படிகம் காந்தத்தில் இப்படித் திரும்ப வேண்டும், திரும்பியது, உன் மாநிலத்துக்காரர் ஒருவர் டாக்காவில் இருந்துகொண்டு அதை எண்ணிச் சொன்னார்’ என்பதே நேர்மையான பதில். பாடநூலில் பலூன் படம் இருக்கிறது. படத்துக்குப் பின்னால் இருக்கும் இழையும் படிகமும் திரவமும் இல்லை. எப்படி அறிந்தார்கள் என்பதை நீக்கிவிட்டு, அறிந்ததை மட்டும் கொடுத்தால் அறிவியலும் ஆகமம் ஆகிவிடுகிறது. ஆசிரியர் சொன்னார், நான் வரைந்தேன். இலக்கியம் கற்பிக்கும் நாங்களும் இதே பிழையைத்தான் செய்கிறோம். பாவையின் அழகைப் பற்றிய பொழிப்புரையை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். அப்புலவர்கள் எதைக் கண்டு அப்படிச் சொன்னார்கள் என்று கேட்கும் மாணவியிடம் கோயிலைக் காட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறோம்.

கிருஷ்ணன் 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1947-இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அந்த ஆய்வகம் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர். பென்சீன் வளையத்தில் காந்தம் எழுப்பும் அந்த ஓட்டத்தை, 1956-இல் ஜான் போப்பிள் காந்த ஒத்ததிர்வு அளவீடுகளை விளக்கப் பயன்படுத்தினார். இன்று வேதியியல் ஆய்வகங்களில் ஒரு புதுப்பொருளில் பென்சீன் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் நாள்தோறும் அந்த ஓட்டத்தின் விளைவைத்தான் காண்கிறார்கள். அதன் தொடக்கக் கணக்குகளில் ஒன்று, ஓர் இழையில் தொங்கிய பாச்சை உருண்டைப் படிகத்தில் எழுதப்பட்டது என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. நமக்கு அவர் ‘ராமனோடு இருந்தவர்’. அப்படி நினைவுகூர்வது அவர் கேட்காத இரங்கல்.

நண்பர் மறு ஆண்டு அப்பாடத்தை நடத்தியபோது, கரும்பலகையில் பலூன் படம் வரைவதற்கு முன், ஒரு நூலில் காகிதக்கீற்றைக் கட்டித் தொங்கவிட்டுக் கிருஷ்ணனின் பரிசோதனையைச் சொன்னாராம். முன்பு கேட்ட பையன் படிப்பை முடித்துப் போய்விட்டான் என்று வருத்தப்பட்டார். அந்த மாணவி இப்போதும் எனக்குக் கடிதம் எழுதுகிறாள். சோளக்காட்டில் வாங்கிய மிளகு தீர்ந்து நாளாயிற்று. அடுத்த முறை மலையேறும்போது அவளையும் அழைத்துப்போய், பாவை எங்கே என்ற கேள்வியை அவள் கேட்ட இடத்திலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.